மூன்றாம் தடவை

மூன்றாம் தடவை டெஸ்டர் கத்தவில்லை.

லிஃப்ட் மெஷின் ரூமுக்குள், சுவரோர ப்ளக் பாயின்ட்டில் அதன் மூக்கை நுழைத்தபடி நிஷா குனிந்து நின்றாள். பேனா மாதிரி இருக்கும் டெஸ்டர். கரண்ட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே சிவப்பாக எரிந்து கீ கீ என்று கத்தும். பத்து நிமிஷத்துக்கு முன்னால் இதே ஓட்டையில் கத்தியது. இப்போது சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வெளியே எடுத்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி மறுபடி நுழைத்தாள். அதே போர்டிலிருந்து ஒயர் போகும் ட்யூப்லைட் அவள் தலைக்கு மேல் நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஆக, ப்ளக்கில் கரண்ட் இருக்கிறது. டெஸ்டர்தான் செத்துப்போயிருக்கிறது. எப்போது செத்தது?

அந்தக் கேள்வி மனதில் முழுசாக எழுவதற்குள் அவள் திரும்பிவிட்டாள். திறந்த கதவுக்கு வெளியே மொட்டைமாடி வெயில் வெள்ளையாகக் கொதித்தது. ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு ஏ.சி. மெக்கானிக் ஆஸ்டின், வாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்வியபடி, அவுட்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றி முடித்திருந்தார். உள்ளே ஒயர்கள் சேரும் இடத்தை நோக்கி அவருடைய வலது கை போய்க்கொண்டிருந்தது.

"கைய எடுங்கண்ணா! கைய எடு!"

தன் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது அவளுக்கே தெரியாது. ஆஸ்டின் இரண்டு கையையும் ஒரேயடியாக உதறினார். அலுமினிய ஏணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் விழவில்லை, குதித்துவிட்டார் என்றுதான் அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது. நின்ற வாக்கிலேயே இறங்கி, வலது குதிகால் யூனிட்டுகளைத் தாங்கும் சிமென்ட் மேடையின் விளிம்பில் பட்டது. சத்தம் பெரிதாக இல்லை. தேங்காயைத் துணியில் சுற்றி உடைத்தால் வருமே, அதுபோல ஒன்று. வாயிலிருந்த ஸ்க்ரூக்களைத் துப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் அவர் கத்தினார்.

பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கென்றே கட்டி வாடகைக்கு விடும் எட்டு மாடிக் கட்டடம் அது. அறைக்கு ஒரு ஏ.சி., ஏ.சி.க்கு ஒரு அவுட்டோர் யூனிட் என்று மொட்டைமாடி முழுக்கப் பெட்டி பெட்டியாக நிற்கும். நிஷா அங்கே எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. கோவளம் குப்பத்தில் வீடு. கேளம்பாக்கத்துக்கு ஒரு பஸ், வண்டலூருக்கு ஒரு பஸ், பிறகு மின்சார ரயில் என்று மூன்று வண்டி மாறி வருவாள். அப்பா பூவராகன் கடலுக்குப் போகிறவர். அம்மா பாப்பா கேளம்பாக்கத்தில் மீன் விற்கிறாள். அந்தத் தெருவில் ஸ்க்ரூடிரைவர் பிடித்துச் சம்பாதிக்கும் முதல் பெண் நிஷாதான்.

ஐ.டி.ஐ. கடைசித் தேர்வில் வெளியிலிருந்து வந்த ஒரு சார் அவளிடம் கேட்ட கேள்வி இது: "லைன் டெட்டுன்னு எப்படிம்மா தெரிஞ்சுப்ப?" டெஸ்டர் வைத்துப் பார்ப்பேன் என்றாள். "டெஸ்டரே கெட்டுப்போயிருந்தா?" பதில் தெரியாமல் நின்றாள். இரண்டு மார்க் போயிற்று. பக்கத்திலிருந்த பையன்கள் சிரித்தார்கள். அன்று ராத்திரியே புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்தாள். முதலில் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் டெஸ்டரைக் காட்ட வேண்டும். அடுத்து, கை வைக்கப்போகும் இடத்தில். அப்புறம் மறுபடியும் அந்த முதல் இடத்துக்கே போய்க் காட்ட வேண்டும். நடுவில் டெஸ்டர் மண்டையைப் போட்டிருந்தால் அது சொன்ன 'இல்லை'க்கு ஒரு மதிப்பும் கிடையாது. நான்கு வரிதான். மற்றவர்கள் பரீட்சையோடு மறந்த அந்த நான்கு வரி அவளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கட்டடத்தின் மூத்த எலக்ட்ரீஷியன் மோகன்ராஜ் இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். "கோயில்ல சுத்தற மாதிரி கரண்டையே மூணு சுத்து சுத்துறியேம்மா. உன்னோட வேலைக்கு வந்தா ஒரு டீ குடிச்சிட்டே வரலாம்" என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் இருபத்திரண்டு வருஷமாக ஒரே தடவை பார்த்துவிட்டுக் கை வைக்கிறவர். பத்து விரலும் இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டடத்தின் ஏழாவது மாடி ஸ்விட்ச் பெட்டியில் யாரோ சீட்டுகளை மாற்றி ஒட்டியிருந்தார்கள். 702 என்று எழுதியதை அணைத்தால் 706 அணையும். அதனாலேயே நிஷா சிரிப்பைப் பொருட்படுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பொருட்படுத்தினாள்.

ஏப்ரல் மாதம். 704-ஆம் அறைப் பிள்ளைகள் ஏ.சி. ஓடவில்லை என்று காலையிலிருந்து பதினோரு தடவை புகார் போட்டிருந்தார்கள். மேனேஜர் ஜெயகிருஷ்ணன் அரைமணிக்கு மூன்று முறை போன் செய்தார். ஆஸ்டினோ அன்று தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். மஸ்கட்டில் வேலை. மெடிக்கல் முடிந்துவிட்டது, விசா வந்துவிட்டது, பத்தொன்பது நாளில் விமானம். ஏழு வருஷமாக மூன்று ஏஜென்ட்டுகளின் வாசலில் நின்று கிடைத்தது. ஏணியை விரித்துவிட்டு நின்று, 704-இன் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்த நிஷா, மெஷின் ரூம் ப்ளக்கில் ஒரு தடவை டெஸ்டரைக் காட்டிவிட்டு, ஏணியில் ஏறி யூனிட்டுக்குள் போகும் ஒயரில் காட்டுவதைக் கீழேயிருந்து பார்த்தார்.

"நீ மூணு சுத்து முடிக்கறதுக்குள்ள நான் மஸ்கட்டே போய்ச் சேந்துடுவேன் போலக் கீதே" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டெஸ்டர் ஒயரில் கத்தவில்லை. "லைன் ஆஃப்தாண்ணா, நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லி இறங்கினாள். அவர் ஏறினார். அவளுடைய கால்கள் மட்டும் பழக்கத்தில் மெஷின் ரூமை நோக்கி நடந்தன.

செக்யூரிட்டி அறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆஸ்டினை உட்கார வைத்து லிஃப்டில் இறக்கினார்கள். குதிகால் அதற்குள் ஷூவை மீறி வீங்கியிருந்தது. வாசலில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மோகன்ராஜ் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். கையில் அவருடைய பழைய டெஸ்ட் லாம்ப். ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, இரண்டு ஒயர். நிஷாவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பாத்துட்டேன். லைன் டெட்தாம்மா. நீ அணைச்சது கரெக்ட்டான ஸ்விட்ச்தான். டெஸ்டர்ல பேட்டரி கசிஞ்சு பச்சையா பூத்துக் கெடக்குது, அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அவள் தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோ மேடுபள்ளத்தில் விழும்போதெல்லாம் ஆஸ்டின் அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகத்தில் வேர்வை சொட்டியது. மறைமலை நகர்ப் பக்கமிருந்து வந்த கண்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நின்றன. ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது அவர் கண்ணைத் திறந்தார்.

"நிஷாம்மா. கரண்டு இருந்துச்சா?"

அவள் அவருடைய காலைப் பார்த்தாள். அந்தக் கால் பத்தொன்பது நாளில் எந்த விமானத்திலும் ஏறப்போவதில்லை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும். அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்றுதான் கேட்கிறார்.

"இருந்துச்சுண்ணா" என்றாள்.

ஆஸ்டின் தலையைப் பின்னால் சாய்த்து, நீளமாக மூச்சு விட்டார். அவள் கையைப் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை.

மறுநாள் ஜெயகிருஷ்ணன் அவளைக் கேபினுக்குக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனாள். அவர் திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நிஷா, டென்ஷன் ஆகாதீங்க. லைன் டெட். மோகன்ராஜ் செக் பண்ணிட்டார். ஸோ இது எலக்ட்ரிக்கல் இன்சிடென்ட்டே கிடையாது. லேடர் ஸ்லிப். அப்படித்தான் ரிப்போர்ட் போட்டிருக்கேன். விட்னஸ்னு நீங்க ஒரு சைன் மட்டும்."

"சார், நான் கத்துனதாலதான் அவர் விழுந்தாரு."

"நீங்க கத்தினது உங்க நல்ல மனசு. அதையெல்லாம் எழுதினா, ஏன் கத்தினீங்க, டெஸ்டர் ஏன் ஃபெயில் ஆச்சு, அதை யார் வாங்கினதுன்னு போய்க்கிட்டே இருக்கும். ஆஸ்டினுக்கும் இன்ஷூரன்ஸ்ல இதுதான் ஈஸி. புரியுதா?"

புரிந்தது. புரிந்ததால் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரமே எல்லோருக்கும் புது டெஸ்டர் வந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோகன்ராஜ் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அது அவளுக்கு அந்தச் சிரிப்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ரயிலில் சீட் காலியாக இருந்தாலும் வாசலில் நின்றாள். சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். மனசு மட்டும் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. டெஸ்டர் எப்போது செத்தது? ஒயரில் காட்டுவதற்கு முன்பா, காட்டிவிட்டு இறங்கிய பிறகா? பிறகு என்றால் அது கடைசியாகச் சொன்னது உண்மை. முன்பு என்றால் அது ஒன்றுமே சொல்லவில்லை, ஒயர் செத்திருந்தது வெறும் அதிர்ஷ்டம். எதுவாக இருந்தால் என்ன, கால் உடைந்தது உடைந்ததுதான். ஆனாலும் அந்த முடிச்சை அவளால் விட முடியவில்லை. சில சமயம் தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். கரண்ட் இல்லை என்று நிரூபணமாகும் வரைக்கும் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அவள் கத்திய நொடியில் அது நிரூபணமாகவில்லை. அப்படிப் பார்த்தால் ஆட்டோவில் சொன்னது பொய்யே இல்லை. இந்த வாதம் வண்டலூரிலிருந்து ஊரப்பாக்கம் வரைக்கும் தாங்கும். கூடுவாஞ்சேரி வருவதற்குள், 'ஆட்டோவில் ஏறும்போது உனக்குத் தெரியுமே' என்று ஒரு குரல் அதைப் பிய்த்துப் போட்டுவிடும்.

விபத்து நடந்து எட்டாவது நாள், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஸ்தோத்திரம்மா. நிஷாதான? நான் ஆஸ்டினோட அம்மா, ஞானம்மாள் பேசறேன்."

நிஷா அப்போது நான்காவது மாடியில் ஒரு ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கி நின்றாள்.

"கால்ல ப்ளேட்டு வெச்சிருக்காங்க. மூணு மாசம் ஊனக்கூடாதாம். மஸ்கட்டுக்கு வேற ஆள அனுப்பிட்டானாம் ஏஜென்ட்டு. போனாப் போவுது. உசுரு போனா வருமா? ஞாயித்துக்கெழம சபையில சாட்சி சொன்னேம்மா. உன் பேரச் சொல்லித்தான் சொன்னேன். கோவளத்துப் பொண்ணு ஒண்ணு, அது மட்டும் கத்தலன்னா எம்புள்ளயப் பொட்டியிலதான் வெச்சுத் தந்திருப்பாங்கன்னு சொன்னேன். அழாதவங்க ஒருத்தர் இல்ல."

"சரிங்கம்மா" என்றாள் நிஷா.

"ஒருநா வூட்டுக்கு வாம்மா. பொழிச்சலூர்தான். உன் கையப் புடிச்சு ஒரு ஜெபம் பண்ணணும் எனக்கு."

அதற்கப்புறம் ஞானம்மாள் இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் செய்தாள். ஆஸ்டின் தூங்கினானா, காய்ச்சல் விட்டதா என்பதையெல்லாம் சொந்தப் பெண்ணிடம் சொல்வதுபோல் சொன்னாள். எத்தனையாவது போனிலோ, ஒரு தடவை ஆஸ்டினே வாங்கிப் பேசினார். "மஸ்கட்ட நெனச்சா நெஞ்ச அடைக்குது நிஷாம்மா. அப்புறம் இந்தக் கையப் பாத்துக்கறேன். பத்து விரலும் கீது. சரி போன்னு தோணுது" என்றார். அன்று அவள் மெஷின் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, லிஃப்ட் மேலும் கீழும் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதிதாக ஒரு ஏ.சி. மெக்கானிக் வந்தார். 704-ஐ அவர்தான் முடித்துக் கொடுத்தார். அவரை ஏணிக்குப் பக்கத்திலேயே போக விடாமல், மூன்று தடவையும் பார்த்து முடித்து, திரும்பி வந்து எதிரில் நின்ற பிறகுதான் "இப்போ ஏறுங்கண்ணா" என்றாள். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. வெயிலில் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாளாகக் கத்தியதைப் பற்றியும், டெஸ்டர் எப்போது செத்தது என்பதைப் பற்றியும் யோசித்து யோசித்து மண்டையை உடைத்துக்கொண்டாளே, அந்த இன்னொரு வார்த்தையைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. 'லைன் ஆஃப்தாண்ணா, நீங்க வேலையப் பாருங்க.' இரண்டாவது தடவையிலேயே சொல்லிவிட்டாள். அவர் கேலி செய்தார், இவள் சிரித்தாள், மேனேஜரின் போன் பாக்கெட்டில் அதிர்ந்தது, வாய் முந்திக்கொண்டது. மூன்றாவது தடவை பார்க்கப் போனபோது, அதன் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டிய ஆள் ஏற்கெனவே ஏணியில் இருந்தார். மூன்று சுற்று என்று எல்லோரும் கிண்டல் செய்த அந்தப் பெண் அன்றைக்கு இரண்டு சுற்றுதான் சுற்றினாள். மூன்றாவது வெறும் நடை.

"இன்னாம்மா, ஏறவா வேணாவா?" என்றார் புது மெக்கானிக்.

"ஏறுங்க" என்றாள்.

அந்த வாரக் கடைசி, ஆஸ்டின் மஸ்கட் போயிருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை. நிஷாவுக்கு விடுமுறை. காலையிலிருந்து வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தவளை, கூடையை அலசிக்கொண்டிருந்த பாப்பா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி, காலு தரையில படாம திரியற? பத்து பதினஞ்சு நாளா நானும் பாத்துகினுதான் கீறேன்."

"அந்த ஆஸ்டின் அண்ணன் வூட்டுக்குப் போலாம்னு கீறேம்மா."

"போயிட்டு வாயேன். அத்த எதுக்கு நடந்து நடந்து யோசிக்கிற?"

பாப்பா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதையும் தோண்டிக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. எழுந்து போய், விற்பதற்கு எடுத்து வைத்திருந்த சங்கரா மீனில் நல்லதாக ஆறு பொறுக்கி, செதில் எடுத்து, பையில் ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். "சீக்குக்காரங்க வூட்டுக்குக் கைய வீசிகினு போவாத" என்றாள்.

பல்லாவரத்தில் பஸ் மாறி, பம்மல் வழியாக, விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர் போய் இறங்கும்போது பன்னிரண்டு மணி. மாடியில் இரண்டு அறை வீடு. முன்னறைக் கட்டிலில் ஆஸ்டின், வலது காலை இரண்டு தலையணை மேல் தூக்கிவைத்துப் படுத்திருந்தார். தாடி வளர்ந்து, முகம் சின்னதாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு புது சூட்கேஸ், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் படுக்கவைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் தண்ணீர் பாட்டில், மாத்திரைப் பட்டைகள், முகம் பார்க்கும் கண்ணாடி.

ஞானம்மாள் நிஷாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒல்லியான, உயரமான பெண்மணி. சபைக்குப் போய்வந்த வெள்ளைச் சேலையை இன்னும் மாற்றவில்லை. மீன் பையைப் பார்த்ததும், "ஐயோ, இத்தன தூரம் தூக்கிகினு வந்தியா. இரு, சாப்பிடாம போவக்கூடாது" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். சிறிது நேரத்தில் மிளகாய்த்தூள் நெடியும் எண்ணெய் வாசனையும் வந்தன.

ஆஸ்டின் கட்டடத்தைப் பற்றி விசாரித்தார். 704 என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் சொன்னாள். நிஷா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துப்பட்டா முனையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

"அண்ணா, அன்னிக்கு ஆட்டோல ஒண்ணு கேட்டீங்க இல்ல?"

"இன்னா கேட்டேன்?"

"கரண்டு இருந்துச்சான்னு."

"ஆமா."

"இல்லண்ணா. மோகன்ராஜ் அண்ணன் மேல போய்ப் பாத்தாரு. லைன் டெட். ஆட்டோல ஏறும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்துச்சுன்னு சொன்னேன்."

ஆஸ்டின் அவளைப் பார்க்கவில்லை. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

"அப்போ நான் கை வெச்சிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆயிருக்காதுண்ணா."

"அப்றம் இன்னாத்துக்குக் கத்தின?"

டெஸ்டர் மூன்றாவது தடவை கத்தாமல் போனதை அவள் சொன்னாள். பேட்டரி கசிந்திருந்ததைச் சொன்னாள். ஏழாவது மாடிச் சீட்டுகள் மாறியிருந்ததையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அவரும் பதினைந்து வருஷமாகக் கரண்டோடு புழங்குகிறவர். முகத்தில் ஏதோ ஒன்று வந்து வந்து போனது. கடைசியில், பாரமான ஒன்றை நகர்த்தி வைப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"டெஸ்டர் செத்துப்போச்சுன்னா கத்தித்தான் ஆவணும். நானா இருந்தாலும் கத்தியிருப்பேன். உன் மேல தப்பு இல்ல வுடு."

இங்கேயே நிறுத்திக்கொண்டு எழுந்து போய்விடலாம். அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டார். நிஷாவின் கால்கள் உண்மையாகவே எழுந்திருக்கத் துடித்தன. நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கத்துனது தப்பில்லண்ணா. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னேன். லைன் ஆஃப்தான், வேலையப் பாருங்கன்னு. மூணாவது தடவ பாக்காமலே சொல்லிட்டேன். பாத்து முடிச்சிட்டுச் சொல்லியிருந்தா நீங்க தரையிலதான் நின்னுகினு இருந்திருப்பீங்க. கத்த வேண்டிய வேலையே வந்திருக்காது."

சமையலறையில் மீன் எண்ணெயில் விழுந்து சீறியது.

"நான்தான கிண்டல் பண்ணேன்" என்றார் ஆஸ்டின்.

"நீங்க ஆயிரம் கிண்டல் பண்ணலாம். முடிச்சிட்டுச் சொல்றது என் வேலைண்ணா."

அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. அவள் உதவ எழுந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். முகம் சிவந்திருந்தது. வலியா, கோபமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"காலையில பத்தரைக்கு ஃப்ளைட்டு. தெரியுமா உனக்கு? இந்நேரம் பாதி தூரம் போயிருப்பேன். படுத்துகினே மேல போற ஒவ்வொண்ணையும் பாத்தேன். பரவால்ல, செத்துப்போயிருக்க வேண்டியவன், உசுரோட பாக்குறோமேன்னு நெனச்சுகினேன்." மூச்சு வாங்கியது. "அந்த ஒண்ணுதான் கீது எங்கிட்ட. அத்தயும் இன்னிக்கே வந்து வாங்கிகினு போறியே நிஷாம்மா."

அவளுக்குக் கண் நிறைந்தது. துடைக்கவில்லை. அழுவதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று இருந்தது.

"தெரியாமலே இருந்திருக்கலாம்னு தோணுதாண்ணா?"

ஆஸ்டின் சூட்கேஸ் மேலிருந்த மாத்திரைப் பட்டையை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டி, "அம்மா இன்னிக்கும் சபையில உன்னப் பத்திதான் பேசியிருக்காங்க" என்றார். அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பதும் அவளுக்குப் பிடிபடவில்லை.

ஞானம்மாள் தட்டோடு வந்தாள். இரண்டு துண்டு சங்கரா, ஓரம் கருக முறுகலாகப் பொரித்தது. சேலை முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மொத துண்டு உனக்குத்தாம்மா. பாஸ்டர் அடுத்த வாரம் உன்னக் கூட்டிகினு வரச் சொன்னாரு. எல்லாரும் உன்னப் பாக்கணுமாம். நீ ஒண்ணும் பேச வேணாம், சும்மா வந்து எங்கூட நின்னாப் போதும். டேய் ஆஸ்டின், நீயும் சொல்லேன்டா அந்தப் புள்ளக்கி."

அப்போது விமானம் வந்தது. முதலில் ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன; பிறகு சூட்கேஸ் மேலிருந்த பாட்டிலில் தண்ணீர் நடுங்கியது; பிறகு கூரைக்கு மேலேயே உருளுவதுபோல் ஒரு பேரிரைச்சல் அறை முழுக்க நிறைந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த துணிகளின் மேல் ஒரு பெரிய நிழல் வழுக்கிக்கொண்டு போனது. அந்த இரைச்சலுக்குள் ஆஸ்டின் அம்மாவின் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். அவருடைய உதடுகள் அசைந்தன. நிறையவே பேசினார். அரை நிமிஷம் இருக்கும். கட்டிலுக்கு இரண்டடி தள்ளி இருந்த நிஷாவுக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

இரைச்சல் வடியத் தொடங்கியது. ஞானம்மாள் நிமிர்ந்தாள். தட்டு இன்னும் நீட்டிய கையிலேயே இருந்தது. அவள் மெதுவாக நிஷாவின் பக்கம் திரும்பினாள். மீன் துண்டின் ஓரத்தில் எண்ணெய் இன்னமும் சின்னச் சின்னதாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.